கூழ்ப்பானையின் வரலாறு

கோட்டை கட்டியவர் யார், அதனைப் பிடித்தவர் யார் என்பனவற்றை நம் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். அக்கோட்டைக்குக் கல் சுமந்தவன் மாலையில் எதனைக் காய்ச்சிக் குடித்தான் என்பதற்கு அவற்றில் இடமில்லை. அதனை அறிய விரும்புவோர் ஏட்டைவிட அடுப்பங்கரையையே நாடவேண்டும்.

யாழ்ப்பாணத்து ஒடியற் கூழை எடுத்துக்கொள்வோம். ஆடிக் கூழுக்கு ஒரு நாள் உண்டு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டும் உண்டு. ஒடியற் கூழோ புலவரையும் பஞ்சாங்கத்தையும் எதிர்பாராதது. மலிவாக மீன் கிடைத்த நாளே அதன் திருநாள்.

பனங்கொட்டையைப் பாத்தியிலே புதைத்து, முளைத்த கிழங்கைக் கிண்டி எடுத்து, பச்சையாகவே பிளந்து வெயிலிற் காயவைத்தால் ஒடியல். அதனை இடித்த மாவை நீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்துக் கயர்ப்பை நீக்குவர். ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு, மீன்தலை, சிறு நண்டு, இறால் ஆகியவை பெரிய பானையில் அவிந்ததும், அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் பழப்புளியும் கரைத்த மாவும் சேரும். இறக்குமுன் முருங்கையிலை. இதற்கு அளவு கிடையாது. இல்லாததை விட்டு இருப்பதைப் போடுவதே இதன் இலக்கணம்.

இதனை நம்மவர் ‘ஆதிகாலத்து உணவு’ என்பர். பனை ஆதியானதுதான், ஆனால் மிளகாய்? 1492இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடையுமுன் ஆசியாவில் எவர் அடுப்பிலும் மிளகாய் இல்லை. அன்று காரத்துக்கு மிளகே கைகொடுத்தது. போர்த்துக்கேயர் வழியாகவே மிளகாய் நம்மிடம் வந்தது. மரவள்ளியும் தென்னமெரிக்கப் பயிரே. வந்தேறிய பொருள்களை வாங்கித் தன் பானைக்குப் பொருந்தச் செய்தவள் பெயரறியாத ஒரு குடியானவப் பெண். அவளே இம்மரபின் ஆசிரியை.

பஞ்சம் வந்தபோதெல்லாம் மரபு மாறியது. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது கிழங்கும் குரக்கனும் வீடுதோறும் முதலிடம் பெற்றன. 1953இல் கூப்பன் அரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் எழுந்தது. அவ்வாண்டே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். பானையின் வெறுமை அரசைத் தொட்ட நாள் அது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலும் குடாநாட்டவருக்குப் பனை துணை நின்றது. இன்று ஒடியல் மா பொதியாகி இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் செல்கிறது.

பானைக்குள் இத்தனை மாற்றத்தை மறுக்காது ஏற்ற சமூகம், பானையைச் சுற்றி அமர்வோர் விடயத்தில் மட்டும் ‘முன்னோர் வழக்கம்’ என்றது. பனையேறியவனும் மீன் பிடித்தவனும் தந்ததே கூழ். அவர்களுக்கோ முற்றத்துக்கு அப்பால் சிரட்டை. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிய பின்னரும், தேநீர்க்கடையிற் சமமாக அமர்ந்து அருந்தும் உரிமைக்காக 1960களின் பிற்பகுதியிற் போராட வேண்டியிருந்தது, உயிர்களும் பலியாயின. மிளகாயை ஏற்ற வீட்டுக்கு மனிதனை ஏற்பது கடினமாயிருந்தது!

வீட்டிலே இன்னொரு வழக்கமும் இருந்தது. எல்லார்க்கும் வார்த்தபின் அடிப்பானையை வழித்துக் குடித்தவள் தாய். அது பற்றி எவரும் வழக்காடியதாக நாம் அறியோம்.

சில ஆண்டுகளாக நம் வீட்டில் ஒரு வழக்கத்தைத் தொடக்கியுள்ளோம். மாதம் ஒரு ஞாயிறு கூழ். ஆண்கள் மீன் வெட்டி, மாக் கரைத்து, அகப்பை பிடிக்கின்றோம். முதல் முறை அடிப்பிடித்துவிட்டது. பனையோலையிற் பிளாக் கோலுவது சிறுவர் வேலை. ஓலை தரும் முதியவரும் அயலாரும் ஒரே பாயில் அமர்வர்; எல்லார் கையிலும் ஒரே பிளா. முதல் வார்ப்பு அம்மாவுக்கு. புளி போதாது என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.