கியா பார்மில் வாக்காளர் ஆயத்தம்

ஆசிரியர், பெற்றோர், 18 வயது நிறைந்த மாணவர், முன்னாள் மாணவர் ஆகியோர் அடங்கிய பள்ளிச் சமூகத்தைத் தேர்தலுக்கு ஆயத்தம் செய்வதென்றால், மலேசியாவில் 2021 வரை அது பெரும்பாலும் பெயர்ப் பதிவையே குறித்தது. தானியங்கிப் பதிவு நடப்புக்கு வந்தபின் ஆவணங்களைச் சரிபார்ப்பதே முதன்மைப் பணியாகியுள்ளது. பகாங் மாநிலம், கேமரன் மலையில் பிரிஞ்சாங்கை அடுத்துள்ள கியா பார்ம், அதன் அருகிலுள்ள சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் ஆகியவற்றின் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

சட்ட மாற்றம்

முன்பு 21 வயது நிறைந்த குடிமக்கள் தேர்தல் ஆணைய அலுவலகத்திலோ அஞ்சலகத்திலோ தாமே சென்று பதிய வேண்டியிருந்தது. கட்சிகள் சார்பில் நியமிக்கப்பட்ட துணைப் பதிவாளர்களும் ஊர் ஊராகச் சென்று பதிந்தனர். 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் 211 உறுப்பினர்களின் ஆதரவுடன் அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியது. வாக்களிக்கும் வயதை அது 18 ஆகக் குறைத்து, தானியங்கிப் பதிவுக்கும் வழிசெய்தது. நடைமுறை தாமதமானதால் சரவாக் இளைஞர்கள் ஐவர் வழக்குத் தொடுத்தனர். ஆண்டு முடிவதற்குள் வயது வரம்பைக் குறைக்குமாறு கூச்சிங் உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் உத்தரவிட்டது. டிசம்பர் 15 அன்று திருத்தம் நடப்புக்கு வந்தது. 2018 பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 1.49 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில் 2.11 கோடியைத் தாண்டியது.

தொகுதி

கியா பார்ம், தானா ராத்தா சட்டமன்றத் தொகுதியையும் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியையும் சேர்ந்தது. இந்த நாடாளுமன்றத் தொகுதியில் 2013இல் 462 வாக்கு வித்தியாசமும் 2018இல் 597 வாக்கு வித்தியாசமும் வெற்றியைத் தீர்மானித்தன. வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாகக் கண்ட தேர்தல் நீதிமன்றம் 2018 நவம்பர் 30 அன்று அவ்வாண்டின் வெற்றியைச் செல்லாததாக்கியது. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமட் நோர், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒராங் அஸ்லி பூர்வகுடி உறுப்பினரானார். வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம் என்பது வாக்காளர் கல்வியில் இடம்பெற வேண்டிய செய்தி.

முகவரிச் சரிபார்ப்பு

தானியங்கிப் பதிவில் மைகார்டு எனப்படும் அடையாள அட்டையின் முகவரியே ஒருவரின் தொகுதியை முடிவு செய்கிறது. தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். குடும்பம் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ குடிபெயர்ந்த பின்னும் அட்டையில் தோட்ட முகவரியே நிற்பதுண்டு. தேசியப் பதிவுத் துறையில் முகவரியை மாற்றினால் மட்டும், முன்பே பதிவான வாக்காளரின் தொகுதி மாறிவிடாது. தேர்தல் ஆணையத்திடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணை இட்டால் தொகுதியும், தேர்தல் காலத்தில் வாக்களிப்பு மையமும் தெரியும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு கைப்பேசியைக் கொண்டே பலருக்கு இதைப் பார்த்துத் தரலாம்.

குடியுரிமைச் சிக்கல்

சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் வாக்களிக்க முடியாது. தோட்டத் தமிழரில் சில குடும்பங்களுக்கு இச்சிக்கல் தலைமுறை கடந்தும் தொடர்கிறது. கோயிலில் தாலி கட்டித் திருமணத்தைப் பதியாமல் விட்டால், சட்டத்தின் பார்வையில் பிள்ளை தாயின் குடியுரிமை நிலையையே பெறுகிறது. தந்தை குடிமகனாக இருந்தும் தாய் குடிமகளாக இல்லாத வீட்டில் பிள்ளையின் குடியுரிமை கேள்விக்குள்ளாகிறது. முதலாம் ஆண்டுச் சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கும்போதும், 12 வயதில் மைகார்டு எடுக்கும்போதும் இக்குறை பள்ளியில் தெரிய வருகிறது. அப்போதே விண்ணப்பித்தால் 18 வயதுக்கு முன் தீர்வு காண அவகாசம் இருக்கும்.

வாக்களிப்பு நாள்

வாக்களிப்பு மையங்கள் பெரும்பாலும் பள்ளிகளிலேயே அமைகின்றன. ஆசிரியர்கள் பலர் தேர்தல் பணியாளர்களாகின்றனர். வாக்காளர்கள் வயதுவாரியாகச் ‘சாலுரான்’ எனப்படும் வரிசைகளாகப் பிரிக்கப்படுகின்றனர். முதல் வரிசை மூத்தோருக்கு, கடைசி வரிசை இளையோருக்கு. முதல் பணியாளர் மைகார்டைப் பார்த்துப் பெயரை உரக்க வாசித்துப் பட்டியலில் கோடிடுவார். அடுத்தவர் இடக்கை ஆள்காட்டி விரலில் அழியா மை வைப்பார். மூன்றாமவர் வாக்குச்சீட்டைத் தருவார். 2022இல் பகாங் சட்டமன்றத் தேர்தலும் சேர்ந்து நடந்ததால் சீட்டுகள் இரண்டு. தாம் தேர்ந்தெடுக்கும் வேட்பாளரின் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி இட்டால் போதும். பெயரோ கையெழுத்தோ எழுதினால் வாக்கு செல்லாமல் போகலாம். இதை முதன்முறை வாக்களிப்போருக்கு மாதிரிச் சீட்டில் குறியிட்டுக் காட்டுவது நல்ல பயிற்சி.

2022 வாக்களிப்பு நாள் சனிக்கிழமை. வார இறுதியில் கியா பார்ம் சந்தையில் விற்பனையும் பிரிஞ்சாங் சாலையில் நெரிசலும் மிகும். எனவே காலையிலேயே செல்வதற்கும், முதியவர்களை வண்டியில் அழைத்துச் செல்வதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு தேவை. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி, தொழிலாளர் வாக்களிக்க முதலாளி போதிய நேரம் தர வேண்டும். அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது.