மின்கோபுரம் ஏறுவோர் கல்வி

கேமரன் மலையில் கியா பார்ம் என்னும் சிற்றூர் நீர் பிரியும் மேட்டருகே அமைந்துள்ளது. அதற்குத் தெற்கே, பிரிஞ்சாங் பக்கம் பெய்யும் மழை பெர்தாம் ஆற்றைச் சேரும். வடக்கே திரிங்காப், கம்போங் ராஜா பக்கம் பெய்யும் மழை தெலோம் ஆற்றைச் சேரும். இயற்கை வகுத்த இவ்வெல்லையை மனித முயற்சி 1960களில் மாற்றி அமைத்தது. மலையைக் குடைந்த சுரங்க வழியே தெலோம் நீர் பெர்தாம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டது. இரு நீரும் ரிங்லெட்டில், சுல்தான் அபு பக்கார் அணையின் பின்னே தேங்கின. அங்கிருந்து மற்றொரு சுரங்கம் நடுமலைத் தொடரைத் துளைத்துப் பேராக் மாநிலத்து ஜோருக்கு அந்நீரைக் கொண்டு சென்றது. ஏறத்தாழ 1,880 அடி உயரத்தின் விசையோடு இறங்கும் அந்நீர், 1963 முதல் சுல்தான் யூசுப் மின்நிலையத்தின் பொறிகளைச் சுழற்றி வருகிறது. அதன் ஆற்றல் 100 மெகாவாட்.

அணையையும் சுரங்கத்தையும் பற்றி நூல்கள் பேசுகின்றன. உலக வங்கி 1958இல் மலாயாவுக்கு அளித்த முதற்கடன், 3 கோடியே 56 இலட்சம் டாலர், இத்திட்டத்திற்கே அளிக்கப்பட்டது என்பதையும் ஆவணங்கள் கூறுகின்றன. ஆனால் மலைக்குள் பிறந்த மின்சாரம் அங்கேயே நின்றால் யாருக்குப் பயன்? அதனைக் காடும் சரிவும் கடந்து நகருக்கு எடுத்துச் செல்லக் கோபுரம் வேண்டும், கம்பி வேண்டும், கம்பியைக் கட்டவும் காக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அத்தொழிலை யார் கற்பித்தார்? எவ்வாறு கற்பித்தார்? அணையின் வரலாற்றைப் போலவே அறியத்தக்கது இந்தக் கல்வியின் வரலாறு.

வேலை முந்தியது, பள்ளி பிந்தியது

லைன்மேன் என்னும் தொழிற்பெயர் மின்சார விளக்கிற்கு மூத்தது. 1844இல் அமெரிக்காவில் மோர்ஸ் தம் தந்தியை வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே இயக்கிக் காட்டினார். அதன்பின் தந்திக் கம்பிகள் நாடெங்கும் பரவின. கம்பம் நடவும், ஏறவும், அறுந்த கம்பியை இணைக்கவும் ஒரு தொழிலாளர் கூட்டம் தோன்றியது. தந்திக் கம்பியில் ஓடிய மின்சாரம் மெலிந்தது. அதனைத் தொட்டவன் பெரும்பாலும் பிழைத்தான். அவனுக்கு அச்சம் விழுவதைப் பற்றியதே.

1880களில் நகரங்களுக்கு மின்விளக்கு வந்தபோது அதே மனிதரே புதிய கம்பிகளையும் கட்டினர். ஏறும் திறன் பழையது; எதிர்ப்பட்ட இடரோ முற்றிலும் புதியது. கண்ணுக்குப் புலப்படாத, ஒலியாலும் மணத்தாலும் அறியவியலாத அவ்விடரைப் பற்றி முறையாகக் கற்பிக்க ஒருவரும் இல்லை. சில பகுதிகளில் வேலைக்குச் சேர்ந்த லைன்மேன்களுள் இருவருக்கு ஒருவர் மாண்டனர் என்று அமெரிக்க மின்தொழிலாளர் சங்கம் தன் வரலாற்றில் குறித்துள்ளது. அச்சங்கம் 1891 நவம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில் பத்துப் பேராளர் கூடித் தோற்றுவித்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி மில்லர் தாமும் ஒரு லைன்மேனே. ஊர் ஊராகச் சென்று சங்கம் வளர்த்த அவர், 1896இல் வாஷிங்டனில் கம்பத்தின் மேல் வேலை செய்தபோது மின்சாரம் தாக்கிக் கீழே விழுந்து இறந்தார்.

தேர்ந்தவனுடன் இளையவன் பல ஆண்டு உடனிருந்து கற்கும் பயிற்சிமுறை வேண்டும் என்பது அச்சங்கத்தார் வலியுறுத்திய கொள்கைகளுள் ஒன்று. கூலி உயர்வுக்கு நிகராகக் கல்வியையும் தொழிலாளரே கேட்டனர் என்பது எண்ணத்தக்கது. கல்வி இன்மையின் விலையை அவர்களே செலுத்தினர் அல்லரோ?

சிவசமுத்திரமும் பைக்காராவும்

இந்தக் கல்விச் சிக்கல் விரைவில் நம்மவரையும் வந்தடைந்தது. 1902 ஜூனில், காவிரி வீழும் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பப்பட்டது. இடைத்தொலைவு 92 மைல். மின்னழுத்தம் 35,000 வோல்ட். அக்காலத்து உலகின் நீண்ட மின்பாதைகளுள் அதுவும் ஒன்று. பொறிகளோடு அவற்றை நிறுவும் பொறியாளரும் அயல்நாட்டிலிருந்து வந்தனர். ஆயினும் 92 மைல் கம்பியை நாள்தோறும் காப்பது சில அயலாரால் ஆகக்கூடியதன்று. உள்ளூர்த் தொழிலாளரே அதனைக் கற்றாக வேண்டும். இந்திய மண்ணில் அதற்குமுன் அத்தகைய பாதை இல்லாமையால், பின்பற்றுதற்கு முன்னோர் எவரும் அவர்க்கு இலர். வேலைக்களமே பள்ளியாயிற்று. தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் உழைத்த கோலார்ச் சுரங்கங்களின் பொறிகள் அவ்வாறு காக்கப்பட்ட கம்பியால் இயங்கின.

முப்பது ஆண்டு கழித்து, 1932இல், நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து இறங்கும் நீரால் பிறந்த மின்சாரம் 66,000 வோல்ட் அழுத்தத்தில் கோயம்புத்தூரை அடைந்தது. அந்நகரின் பஞ்சாலைப் பெருக்கம் அதனோடு இணைந்தது. 1937இல் மேட்டூர் மின்நிலையம் எழுந்தது. பின்னர் இரு பாதைகளும் இணைக்கப்பட்டன. இலங்கையிலும் பொறியாளர் விமலசுரேந்திரா பன்னாள் வற்புறுத்திய இலக்சபான திட்டம் 1950இல் பயன் தந்தது. நீலகிரி, இலங்கை மலையகம், கேமரன் மலை ஆகிய மூன்றிடத்தும் ஓர் ஒப்புமை உண்டு. தேயிலைக்கு உகந்த உயரமும் மழையும் சரிவுமே நீர்மின்சாரத்திற்கும் உகந்தவை. ஆகவே தேயிலைத் தொழிலாளர் வாழும் மலைகளின் மேலேயே மின்கோபுரங்களும் எழுந்தன.

மலாயாவின் பாதை

மலாயாவில் பேராக் ஆற்றின் செண்டரோ அணை 1930இல் மின்சாரம் தந்தது. அது கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு உரியதாய் அமைந்தது. அக்காலத்தில் மின்சாரம் தனித்தனித் தீவுகளைப் போல் இருந்தது. ஓர் ஊரின் நிலையம் பழுதுற்றால் அவ்வூரே இருளும்; அடுத்த ஊர் அறியாது. 1949 செப்டம்பர் முதல் நாள் மத்திய மின்சார வாரியம் தோன்றிய பின்னரே நாடு தழுவிய அமைப்பிற்கு வழி பிறந்தது. அது 1965இல் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறியது. 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று. தீபகற்பத்தின் பெரும்பாதைகள் இன்று 132,000, 275,000, 500,000 வோல்ட் என மூன்று படிகளில் இயங்குகின்றன.

பாதைகள் இணைந்தபின் நன்மை பெருகியது, பொறுப்பும் பெருகியது. 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள் திரங்கானு மாநிலத்துப் பாக்கா மின்நிலையத்தருகே ஒரு மின்பாதை துண்டிக்கப்பட்டதில் தொடங்கிய தடை, தீபகற்பம் முழுவதையும் பல மணி நேரம் இருளில் ஆழ்த்தியது. எங்கோ ஒரு கம்பியின் நலன் எல்லார் வீட்டு விளக்கையும் தொடுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மலைப்பாதையின் இடர்கள் சமவெளியினும் மிகுதி. சரிவில் நிற்கும் கோபுரத்தின் நான்கு கால்களும் ஒரே நீளமாய் இருத்தல் இயலாது. மேட்டுப்புறத்துக் கால் குறுகியும் பள்ளத்துப்புறத்துக் கால் நீண்டும் அமைக்கப்படும். மழையில் இளகும் மண்ணில் அடித்தளம் ஆழமாய்ப் பதிய வேண்டும். மூடுபனியில் அடுத்த கோபுரத்தில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியான். உலகில் இடிமின்னல் மிகுந்த நிலப்பகுதிகளுள் மலாய்த் தீபகற்பமும் ஒன்று. பாதையின் கீழ் ஓயாது வளரும் காட்டை ஓயாது வெட்டியும் ஆக வேண்டும். இவ்விடத்துத் தொழிலாளிக்கு நூலறிவோடு நிலத்தறிவும் வேண்டும் என்பது வெளிப்படை.

கற்பிக்கப்படுவது யாது?

உயரத்தில் ஏறும் துணிவே இத்தொழிலின் உயிர் எனப் பலர் கருதுவர். பயிற்சியின் முறையை நோக்கினால் அக்கருத்துப் பொருந்தாமை விளங்கும்.

மாணவன் முதலில் தரையிலேயே நிறுத்தப்படுகிறான். கயிற்று முடிச்சு, கப்பி, பளு தூக்கும் முறை ஆகியவற்றைக் கண் மூடியும் செய்யுமளவு பழகுகிறான். பின்னர்க் குறைந்த உயரத்தில் ஏறிப் பழகுகிறான். இடைவாரின் கொக்கி மாட்டப்படாமல் ஒரு நொடியும் இராமை அவனுக்கு இயல்பாக வேண்டும். அடுத்து, மேலே மயங்கிய தோழனைக் கயிற்றால் கட்டிக் கீழே இறக்கவும், நின்ற மூச்சை மீட்கவும் பயில்கிறான். கம்பி கட்டுவதன்முன் உயிர் காப்பதைக் கற்பது இக்கல்வியின் சிறப்பு.

கம்பி இழுத்தலும் ஒரு நுண்கலை. முதலில் மெல்லிய வழிகாட்டிக் கயிறு கோபுரந்தோறும் கப்பிகளின் வழியே செலுத்தப்படும். அதன் நுனியில் கனத்த கயிறும், அதன்பின் எஃகு நடுவும் அலுமினியப் புறமும் உடைய கம்பியும் தொடரும். கம்பி தரையில் உரசலாகாது. கீறல் விழுந்த இடத்தில் மின்சாரம் கசிந்து பொரியும். இறுதியில் தொய்வு அளக்கப்படும். வெயிலில் கம்பி நீண்டு தாழும். குளிரில் சுருங்கி இறுகும். மிகத் தாழ்ந்தால் கீழுள்ள மரத்திற்கும் மனிதர்க்கும் கேடு. மிக இறுகினால் கோபுரத்திற்குக் கேடு. அன்றைய வெப்பநிலைக்கு எவ்வளவு தொய்வு தகும் எனக் கணக்கிட்டே கட்டுவர்.

இவையனைத்தினும் அரிய பாடம் ஒன்று உண்டு. அது கம்பியைத் தொடுமுன் காக்க வேண்டிய ஒழுங்கு. மின்சாரத்தைத் துண்டித்தல், மீண்டும் எவரும் இணைக்காதவாறு பூட்டுதல், கருவியால் சோதித்து மின்சாரம் இன்மையை உறுதி செய்தல், வேலையிடத்தின் இருபுறமும் கம்பியை நிலத்தோடு இணைத்தல், எழுத்துமூலமான இசைவைப் பெறுதல் என்பன அவ்வொழுங்கின் படிகள். துண்டித்த கம்பிக்கு மீண்டும் நில இணைப்பு எதற்கு என்று புதியவன் வினவலாம். ஒரே கோபுரத்தில் இரு பாதைகள் செல்வதுண்டு. ஒன்றை நிறுத்தினும் மற்றொன்றில் ஓடும் மின்சாரம், நிறுத்திய கம்பியிலும் தூண்டலால் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தத்தை எழுப்பவல்லது. ‘அணைத்துவிட்டேன்’ என்னும் சொல்லை நம்பி ஏறியவரின் இழப்பே இந்த விதியை எழுதுவித்தது.

ஆகவே இக்கல்வி துணிவைத் தூண்டுவதினும் அடக்கத்தையே மிகுதியாகப் பயிற்றுகிறது. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் கூறிய கருத்து, மின்கோபுரத்தின் உச்சியில் ஒவ்வொரு நாளும் மெய்யாகிறது.

மின்சாரம் ஓடும்போதே வேலை

நிறுத்தவே இயலாத பாதைகளும் உண்டு. அவற்றில் மின்சாரம் ஓடும்போதே பழுது நீக்கும் முறை அமெரிக்காவில் 1913ஆம் ஆண்டளவில் தோன்றியது. உலர்ந்த மரக்கோலின் நுனியில் கருவியைப் பொருத்தித் தொலைவில் நின்று வேலை செய்தனர். 1950களின் இறுதியில் மரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைக் கோல் பெற்றது. 1960ஆம் ஆண்டளவில் மற்றொரு முறையும் வழக்கிற்கு வந்தது. தொழிலாளி நிலத்தோடு தொடர்பற்ற மேடையில் நின்று, உலோக இழை கலந்த உடை அணிந்து, கம்பியின் மின்னழுத்தத்தைத் தானும் அடைந்து கையாலேயே வேலை செய்வான். கம்பிமேல் அமரும் பறவைக்கு ஊறு நேராமையின் காரணமே இதற்கும் காரணம். உடலின் இருபுறத்தும் மின்னழுத்தம் ஒன்றாயின் உடலூடே மின்சாரம் பாயாது. வியப்பாய்த் தோன்றும் இம்முறையில் ஒரு சாண் நகர்வும் முன்பே எண்ணப்பட்டது. தன் மனம் போனபடி செய்பவனுக்கு அங்கே இடமில்லை.

இந்தியாவில் மின்துறைப் பயிற்சிக்கென 1965இல் நெய்வேலியில் ஒரு நிலையம் தோன்றியது. மின்சாரம் ஓடும் கம்பியில் வேலை செய்யும் பயிற்சிக்கென 1970களில் பெங்களூரில் தனி நிலையம் எழுந்தது. மலேசியாவில் பாங்கியிலுள்ள சுல்தான் அகமது ஷா பயிற்சி நிறுவனம் தெனாகா நேஷனலின் தொழிற்கல்விக்கூடமாய் விளங்குகிறது. மின்பணியாளரின் தகுதிச் சான்றினை அங்கு எரிசக்தி ஆணையம் வழங்குகிறது. சிவசமுத்திரத்தின் முதற்பாதைக்கும் பெங்களூர் நிலையத்திற்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். பாதை முந்தியது, பள்ளி பிந்தியது என்று முற்கூறியது இதனால் வலியுறும்.

கியா பார்மை அடுத்த தேயிலைத் தோட்டத்திலும் கல்வி கையாலேயே கைமாறியது. இரு இலையும் ஒரு குருத்துமாகக் கொழுந்து கிள்ளுவதைத் தாயின் பக்கத்தில் நின்று மகள் கற்றாள். அங்கே தவறாகக் கிள்ளிய செடி மீண்டும் துளிர்க்கும். கோபுரத்தின் மேல் தவறியவனுக்கு மறுதுளிர் இல்லை. அதனாலேயே பார்த்துக் கற்கும் கல்வி ஒன்றே அங்குப் போதாதாயிற்று. விதியாலும் ஏட்டாலும் தேர்வாலும் அதனைக் காக்க வேண்டியதாயிற்று. எனினும் ஏடும் தனித்துப் போதுமானதன்று. முதல்நாள் ஏறும் இளைஞனின் கொக்கி சரியாக மாட்டப்பட்டதா என்று பார்க்க, அருகில் ஒரு மூத்தவரின் கண் இன்றும் வேண்டப்படுகிறது.

கேமரன் மாவட்டத்தில் 2016இல் உலு ஜெலாய் நீர்மின் திட்டமும் இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் 372 மெகாவாட். ஆற்றல் பெருகுந்தோறும் பாதை வேண்டும். பாதை நீளுந்தோறும் பயின்ற கைகள் வேண்டும். அணையின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது. மழையிரவில் அணைந்த விளக்கு மீண்டும் எரியும்போது, அதனை எரியச் செய்தவன் பெயரை எவரும் வினவுவதில்லை. அவன் நலமாய்க் கீழிறங்கி வீடு சேர்ந்தான் எனின், அவனுக்குக் கற்பித்தவரின் வெற்றி அது.