பட்டா இல்லாதவரின் தண்ணீர்

எங்க ஊர் அச்சங்குளம். வெம்பக்கோட்டைப் பக்கம், கரிசக்காடு. பேரில்தான் குளம் இருக்கு. காட்டுக்கு மானத்தை விட்டா வேற கதியில்லை. அம்மா பிறந்த ஊரும் இதே மாதிரிதான். அங்கே ஒரே ஒரு நல்ல தண்ணிக் கிணறு. சேரிப் பெண்கள் கிணத்து மேட்டுக்கு இந்தாண்ட குடத்தை வச்சுட்டு நிக்கணும். யாராவது மனசு வந்து இறைச்சு ஊத்தினா உண்டு. "தண்ணி கெடக்கு, நமக்கு இல்ல" என்று அம்மா சொல்வாள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கி, பிறகு பட்டாசும் வந்தது. அது இங்கே வேர் பிடித்ததற்கு வறட்சியும் ஒரு காரணம். மழை குறைவு, வெயில் கூடுதல், மருந்து காயும். வெள்ளாமை பொய்த்ததால் கூலிக்கு ஆளும் கிடைத்தது. தண்ணி இல்லாததே இங்கே முதலாளிக்கு மூலதனம். 2021 பிப்ரவரி 12 அன்று எங்க ஊர்ப் பட்டாசு ஆலையில் வெடித்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அன்றைக்குத்தான் அச்சங்குளம் என்ற பேர் நாட்டுக்கே தெரிந்தது.

மாமா ஒருத்தர் பிழைப்புக்கு நெய்வேலிப் பக்கம் போனவர். ஒரு பொங்கலுக்கு வந்தவர் சொன்னார்: "மருமகனே, அங்க தண்ணிய வெளியேத்துறதுக்குன்னே ராப்பகலா மோட்டார் ஓடுது. நிறுத்தினா சுரங்கம் போச்சு." ஒரு குடத்துக்கு நாள்பூரா காத்துக் கிடக்கும் ஊர்க்காரன் நான். இதை எப்படி நம்புவேன்? பின்னாளில் தேடிப் படித்தபோதுதான் விளங்கியது.

நெய்வேலியின் கதை தொடங்குவதே தண்ணீரில்தான். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. அவர் பேர் வரலாற்றில் நிற்கிறது, நிற்கட்டும். அந்தத் துளையில் உடம்பு நோக வேலை செய்த கூலிகளின் பேரை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

கரி இருப்பது தெரிந்தும் எடுப்பது லேசாக இல்லை. கரிப் படுகைக்கு அடியில் மணற்பாறைக்குள் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று அழுத்தத்தோடு கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்று அந்த அழுத்தத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் தரையைக் கீழிருந்து 60, 80 டன் முட்டித் தள்ளுகிற மாதிரி. மேலே கிடக்கும் மண்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. மண்ணை அள்ளிவிட்டால் என்ன ஆகும்? கரியைப் பிளந்துகொண்டு தண்ணீர் சுரங்கத்தை மூழ்கடித்துவிடும்.

ஆகவே 1950களில் சோதனைக் குழி வெட்டி, தண்ணீரை இறைத்துப் பார்த்து, அழுத்தத்தைக் குறைக்க முடியும் என்று உறுதி செய்துகொண்டார்கள். 1956இல் நிறுவனம் பிறந்தது. முதலமைச்சர் எங்க விருதுநகர்க்காரர் காமராசர். 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வெட்டைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் மின்சாரம் வந்தது.

வேலை நடக்கும் முறை இதுதான். சுரங்கத்தைச் சுற்றியும் உள்ளேயும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, வெட்டும் இடத்தில் அழுத்தம் தணியும்வரை இறைக்கிறார்கள். வெட்டு நகர நகரக் கிணறுகளும் நகர வேண்டும். மேலடுக்கில் ஊறும் தண்ணீரும் மழைத் தண்ணீரும் தனிக் கணக்கு. அவற்றையும் பள்ளத்தில் சேர்த்து வெளியேற்ற வேண்டும். இது சாதாரணக் காரியமில்லை. அந்தப் பொறியியலை நான் குறைத்துப் பேசவில்லை. அது இல்லாமல் பள்ளத்துக்குள் இறங்கும் தொழிலாளிக்கு உயிர்ப் பாதுகாப்பும் இல்லை.

ஆனால் பூமிக்கடியில் வேலி கிடையாது. ஓரிடத்தில் ஓயாமல் இறைத்தால் சுற்று வட்டாரத்து நீர்மட்டம் புனல் மாதிரி உள்வாங்கும். அதன் விளிம்பு சுரங்க எல்லைக் கல்லோடு நின்றுவிடாது. மட்டம் இறங்கினால் காசு உள்ளவர் இன்னும் ஆழமாகப் போர் போட்டுத் தண்ணீரைத் துரத்துவார். குடிசைக்கு வெளியே ஒரு கைப்பம்பு வைத்திருப்பவர் எதைத் துரத்துவார்?

இறைத்த தண்ணீர் வீணாகவில்லை என்று சொல்வார்கள். உண்மைதான். அனல்மின் நிலையம் குடித்தது, நகரியம் குடித்தது, வாலாஜா ஏரி வழியாக வயலுக்கும் பாய்ந்தது. வறட்சிக் காலத்தில் சென்னைக்கும் போனது. என் கேள்வி வேறு. அந்தத் தண்ணீர் யாருடையது?

சட்டம் பதில் வைத்திருக்கிறது. 1882ஆம் வருசத்து வசதியுரிமைச் சட்டப்படி நிலத்தின் சொந்தக்காரர் தன் நிலத்தடியில் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம். நிலம் இல்லாதவருக்கு? ஒரு வார்த்தை கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் 1892இல் நமக்கென்று ஒதுக்கின பஞ்சமி நிலமே எத்தனை ஊரில் கைமாறிப் போச்சு என்று நமக்குத் தெரியும். மண்ணைப் பிடுங்கியபோதே மண்ணுக்கு அடியில் இருந்த தண்ணீரையும் சேர்த்துத்தான் பிடுங்கியிருக்கிறார்கள்.

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காக விளைந்து நின்ற நெல்லில் இயந்திரங்கள் இறங்கின. பார்த்த ஊரெல்லாம் பதறியது. நானும் பதறினேன். உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஏக்கருக்கு! அந்த நெல்லை நட்டவளுக்கும் களை எடுத்தவளுக்கும் எத்தனை ஏக்கர்? மூன்று வருசம் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த நிலமற்ற கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று 2013ஆம் வருசத்து நில எடுப்புச் சட்டம் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ள நூறு வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதிலும் இறங்கிப்போன கிணறு, வற்றின கைப்பம்பு எதுவும் கணக்கில் இல்லை.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அங்கே தடுத்தவர் யார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா நின்ற கிணத்து மேட்டிலும் தெரிந்தது. நிலத்தடித் தண்ணீர் கீழே போகும்போது தடுத்தவர் என்று கைகாட்ட யாரும் இல்லை. "மட்டம் இறங்கிடுச்சு" என்கிறார்கள், ஏதோ அதுவே இறங்கிப் போன மாதிரி. இறக்கியது ஒரு முடிவு. அந்த முடிவை எடுத்த இடத்தில் நாம் இல்லை.

சுரங்கக் கிணறுகளின் அழுத்தத்தை அளக்கத் தெரிந்த நாட்டுக்கு, சுற்றியுள்ள ஒவ்வொரு காலனிக் கைப்பம்பின் ஆழத்தையும் மாசாமாசம் அளந்து ஊர்ச் சுவரில் எழுதிப்போட முடியாதா? இழப்பீட்டுப் பட்டியலில் பட்டாதாரர் பேருக்குக் கீழே நட்டவள் பேரையும் எழுத முடியாதா? நெய்வேலிப் பக்கத்துத் தோழர்கள் முதலில் இந்த ரெண்டையும் கேட்க வேண்டும். நாங்கள் கரிசலில் இருந்து கூடச் சேர்ந்து கேட்போம். தண்ணி இல்லாத ஊர்க்காரர்கள் என்பதால் எங்களுக்கு இது அந்நிய விசயம் இல்லை. தண்ணி கெடக்கு, நமக்கு இல்ல என்பதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள்.