கவரும் நாக்டிலூக்காவும்: கடலொளியின் பெயர் வரலாறு

கொச்சியை அடுத்த கும்பளங்கியின் காயல்களில், கோடைக்கால இரவுகளில் துடுப்புப் பட்ட இடமெல்லாம் நீர் நீலமாய் ஒளிரும். மலையாளத்தில் இதற்குக் ‘கவரு’ என்று பெயர். மழை ஓய்ந்து காயலில் உப்பு ஏறும் மாதங்களில் அது தோன்றும். தென்மேற்குப் பருவமழையின் நன்னீர் கலந்ததும் மறையும். இச்சொல் குறிப்பது ஒளிர்தலாகிய நிகழ்வை. ஆகவே, ஒளிர்வது எவ்வுயிராயினும் சொல் பிழைபடுவதில்லை.

அறிவியற் பெயர்களோ உயிர்களின் உறவுமுறையைச் சொல்ல முயல்பவை. ஆதலின் அவை பிழைபடக்கூடும். நம் மேற்குக் கடலில் இரவொளி தரும் உயிர்களுள் ஒன்று நாக்டிலூக்கா. ‘இரவில் ஒளிர்வது’ என்று பொருள். 1810இல் ஜேம்ஸ் மக்கார்ட்னி இந்த ஒருசெல் உயிரை ஜெல்லிமீன் எனக் கருதி ‘மெடூசா சின்டில்லன்ஸ்’ என்றார். 1921இல் கோஃபாய்டும் சுவேசியும் அதை நாக்டிலூக்கா பேரினத்தில் சேர்த்தனர். ‘மின்னுவது’ எனப் பொருள்படும் ‘சின்டில்லன்ஸ்’ மட்டும் நிலைத்தது.

நாக்டிலூக்காவின் பெருக்கமும் பருவம் சார்ந்ததே. மலபார்க் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது ஆழ்நீர் சத்துகளுடன் மேலெழும். மிதவைத் தாவரங்கள் செழிக்கும். அவற்றை உண்டு நாக்டிலூக்கா பெருகும். அது செறியும்போது பகலில் கடலின் நிறமே மாறும். கோழிக்கோட்டுக் கடலின் பச்சை நிறத்தை ஆராய்ந்த ஆர். சுப்பிரமணியன், நாக்டிலூக்காவின் செல்லுக்குள்ளேயே வாழும் ஒரு பச்சை நுண்ணுயிரை 1954இல் விவரித்தார். யூக்ளினா வகையினது எனக் கருதி அதற்குப் ‘புரோட்டோயூக்ளினா நாக்டிலூக்கே’ என்று பெயரிட்டார். 1976இல் பீட்ரிஸ் ஸ்வீனி அதைப் பச்சைப்பாசியினமாகிய ‘பெடினோமோனாஸ்’ பேரினத்துக்கு மாற்றினார். 2016இல் வெளிவந்த மரபணு ஆய்வு, பெடினோமோனாஸும் பொருந்தாது எனக் காட்டியது. அதன் வழியே கோழிக்கோட்டில் இட்ட பெயர் மீட்கப்பட்டது. அவ்வுயிர் யூக்ளினா அன்று. ஆயினும் பெயரில் யூக்ளினா நீடிக்கிறது. பெயரிடல் விதிகளில் பொருட்பொருத்தத்தைவிட முந்துரிமையே வலியது.

இவ்விருவகைப் பெயர்களுள் உயர்வு தாழ்வு காண்பதற்கில்லை. அறிவியற் பெயர் உறவை ஆராயத் துணைசெய்கிறது. ‘கவரு’ பருவத்தை நினைவில் வைத்திருக்கிறது. கடலின் வெப்பமும் மழையின் வரவும் மாறிவரும் இந்நாளில், ஒளி முன்பு எம்மாதம் தொடங்கி எம்மாதம் ஓய்ந்தது என்பது அறிய வேண்டிய செய்தி. அதற்குரிய சான்றுகளுள் காயலோரத்து மக்களின் சொல்லும் நினைவும் உண்டு. களப்பணி செல்லும் மாணவர்கள் நீர்மாதிரியோடு மாதத்தையும் வட்டாரச் சொல்லையும் குறித்து வருதல் வேண்டும். 1954ஆம் ஆண்டின் பெயர் மீண்டது, அது எழுத்தில் இருந்தமையால். எழுதப்படாமல் மறையும் சொல்லை எந்த மரபணு ஆய்வும் மீட்டுத் தராது.