நடப்பவர் படிக்கும் சுவர்

1986இல் திருவண்ணாமலையில் சுவர் விளம்பரம் எழுதும் தொழிலுக்கு வந்தேன். வெள்ளையடித்த சுவரில் நீலப்பொடி தோய்த்த நூலைப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். எழுத்து அந்தக் கோடுகளுக்குள் அடங்க வேண்டும். "பஸ்ஸுல போறவன் ஒரே மூச்சுல படிக்கணும்டா" என்பார் தொழில் கற்றுத்தந்த வாத்தியார். கடைக்காரர் பத்துச் சொல் கேட்டால், பேசிப் பேசி நாலாகக் குறைப்பார். 'சுத்த சைவம்', 'வேறு கிளைகள் இல்லை' இரண்டையும் எத்தனை சுவரில் எழுதியிருப்பேன்! பின்னதன்மேல் எனக்குத் தனி மதிப்பு. கடை ஒன்றுதான், முதலாளி கல்லாவில்தான் இருக்கிறார் என்று கொடுக்கும் வாக்கு அது.

தொண்ணூறுகளில் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் பெருகியது. 14 கிலோமீட்டர், வெறுங்கால், இரவு நேரம். படிப்பவர் இப்போது நடப்பவர். ஏழாவது கிலோமீட்டரில் அவருக்கு என்ன தேவை? கால்வலித் தைலம், சூடான பால், படுக்க ஓர் இடம். அதை யோசித்தே வாசகம் எழுதினோம். கரும்பச்சையில் வெள்ளை எழுத்து. நிலவில் அதுதான் எடுப்பாகத் தெரியும்.

பிறகு ஃப்ளெக்ஸ் பேனர் வந்தது, சுவரெழுத்து குறைந்தது. ஆனாலும் செங்கம் சாலைச் சுவரொன்றில் என் 'வேறு கிளைகள் இல்லை' இன்னும் மங்கலாகத் தெரிகிறது.