மண்டை ஓட்டுக்குள் இடம் தேடிய வைத்தியம்

காலில் அடிபட்டால் கால் வீங்கும். தோல் விரிந்து இடம் கொடுக்கும். மூளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. மூளை, ரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் மூன்றும் ஓர் எலும்புப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கின்றன. அடியாலோ ரத்தக் கசிவாலோ பக்கவாதத்தாலோ மூளைக் காய்ச்சலாலோ மூளை வீங்கினால் உள்ளழுத்தம் ஏறும். அது ரத்தம் வரும் வழியை நெருக்கும். ரத்தம் குறையக் குறைய வீக்கம் இன்னும் கூடும். தலைக்காய வைத்தியத்தின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பெட்டிக்குள் கொஞ்சம் இடம் தேடிய வரலாறுதான்.

எட்வின் ஸ்மித் பெயரால் அறியப்படும் எகிப்திய பாப்பிரஸ் சுவடி கி.மு. 1600 அளவில் எழுதப்பட்டது. அதிலுள்ள 48 நேர்வுகளில் முதல் 27 தலையைப் பற்றியவை. ஒன்றில் மண்டை பிளந்து மூளை வெளியே தெரிகிறது. அதன் மடிப்புகள் உருக்கிய செம்பின்மேல் படரும் சுருக்கங்களைப் போலிருக்கின்றன. விரல் வைத்தால் கைக்குழந்தையின் உச்சிக்குழிபோல் துடிக்கிறது. தொட்டுப் பார்த்தவரால் மட்டுமே இப்படி எழுத முடியும். அவர் எழுதிய தீர்ப்பு: வைத்தியத்துக்கு அடங்காதது. கிரேக்கர்கள் மண்டையில் துளையிட்டார்கள். தமிழ்ச் சித்தர் மரபில், மன்னனின் கபாலத்தைத் திறந்து தேரையை வெளியேற்றிய கதை தேரையர் பெயரோடு வழங்குகிறது. அது சான்றாகாது, ஆனாலும் மண்டையைத் திறக்கலாம் என்ற எண்ணம் இம்மண்ணுக்கும் அந்நியமில்லை என்பது தெரிகிறது.

இந்தப் பெட்டிக்குள் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய மாறாது என்ற கணக்கை முதலில் சொன்னவர் எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்றோ, ஆண்டு 1783. குளிரில் விறைத்து இறந்த இருவரின் உடல்களை அறுத்துப் பார்த்த அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி, 1824-இல் அதை உறுதிப்படுத்தினார். ரத்தம் வடிந்து இறந்த விலங்குகளின் மூளையிலும் ரத்தம் தங்கியிருப்பதை அவர் கண்டார். அப்படியிருந்தும் தலையில் அடிபட்டவருக்கு ரத்தம் இறக்கும் வழக்கம் அந்த நூற்றாண்டில் நெடுங்காலம் நீடித்தது. எத்தனை உயிர்களை அது பறித்ததோ!

1901-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் செய்த சோதனைகள், அழுத்தம் ஏறுவதன் அடையாளத்தைக் காட்டின. ரத்த அழுத்தம் உயரும், நாடி மெதுவாகும், மூச்சு தாறுமாறாகும். இவை பிந்தி வருபவை. தலைவலி, வாந்தி, அரைமயக்கம், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிதல் ஆகியவை பெரும்பாலும் முந்திக்கொள்ளும். அடிபட்டவர் எழுந்து தெளிவாகப் பேசிவிட்டுச் சில மணி நேரத்தில் மீண்டும் சாய்வதும் உண்டு. மண்டைக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் சேர்வதே அதற்குக் காரணம்; வீட்டார் ஏமாறுவதும் இங்கேதான்.

மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி ஆறு நாள் நினைவின்றிக் கிடந்த டி.இ. லாரன்ஸ் ('அரேபியாவின் லாரன்ஸ்') 1935-இல் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ், 1941-இல் தலைக்கவசத்தின் பயனை ஆய்வாக வெளியிட்டார். பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றது.

இந்தியாவில் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை வேலூரில் தொடங்கியது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-இலும் அதைத் தொடங்கினார்கள். அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது, 1971-இல்தான் லண்டனில் முதல் நோயாளியின் மூளை அதில் படமானது. 1974-இல் கிளாஸ்கோவின் டீஸ்டேலும் ஜென்னட்டும் நினைவின் அளவைக் கணிக்கக் கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றையும் எண்ணாக்கினார்கள். இன்று 3 முதல் 15 வரை போகும் அந்த எண்ணை வார்டு செவிலியர் மணிக்கு மணி குறித்துவருகிறார்.

மூளையிலிருந்து நீரை இழுக்கும் மானிட்டால் 1960-களில் வந்தது, இன்றும் நிற்கிறது. கட்டியைச் சுற்றிய வீக்கத்தைக் குறைத்த ஸ்டீராய்டு, அடிபட்ட மூளைக்கும் உதவும் என்று பல ஆண்டுகள் நம்பிக் கொடுக்கப்பட்டது. 10,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனையின் முடிவு 2004-இல் வெளியானது. இரண்டு வாரத்தில், மருந்து பெற்றவர்களில் 100-க்கு 21 பேரும் பெறாதவர்களில் 18 பேரும் இறந்திருந்தார்கள். அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது.

மருந்துக்கு அடங்காத வீக்கத்துக்கு மண்டை எலும்பின் ஒரு பகுதியை எடுத்துவிடுகிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வின்படி இது பல உயிர்களைக் காக்கிறது. காப்பாற்றப்பட்டவர்களில் கணிசமானோர் கடும் ஊனத்தோடு வாழ்கிறார்கள். எடுத்த எலும்பைச் சில மருத்துவமனைகள் உறைநிலையில் வைக்கின்றன. சில, நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் பொதிந்துவைக்கின்றன. வீக்கம் வடிந்து, சில வாரமோ மாதமோ கழித்து, அது மீண்டும் தலையில் பொருத்தப்படுகிறது.