கண்ணாடிக் குழாயிலிருந்து விரல் நுனி வரை

பெனடிக்ட் கரைசலின் நீலத்தை என் வயதுக்காரர்கள் சிலராவது பார்த்திருப்பீர்கள். பழைய அரசு ஆஸ்பத்திரி லேபில் கண்ணாடிக் குழாயில் அதை 5 மில்லி ஊற்றி, எட்டு சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் நிறைய. 1908-இல் அமெரிக்காவின் ஸ்டான்லி பெனடிக்ட் கண்டுபிடித்த இந்தக் கரைசலை வைத்துத்தான் நானும் லேப் டெக்னீஷியனாகப் பாதிக் காலம் ஓட்டினேன்.

சாதாரண நோயாளிகளுக்கு ஓரளவு உதவிய இந்தச் சோதனை, கர்ப்பிணிகள் விஷயத்தில் ஆளை ஏமாற்றிவிடும். பொதுவாக ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். கர்ப்பத்தில் அந்த அளவு இறங்கிவிடுகிறது. ரத்தம் சரியாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை ஒழுகும். அதனால் மஞ்சள் வந்தாலும் ஆரஞ்சு வந்தாலும் "மாசமா இருந்தா இது வர்றதுதான்" என்று விட்டுவிடுவது எங்கள் வழக்கமாகிப் போனது.

1981-இல் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஏழு மாதக் கர்ப்பிணி. குழாயில் நல்ல ஆரஞ்சு. "ஒண்ணும் இல்லம்மா, சகஜம்" என்று சீட்டை எழுதிக் கொடுத்தேன். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டரிடம் நான் சொல்லவில்லை. ஒன்பதாம் மாதம் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. நல்ல பெரிய பிள்ளை என்று நர்ஸம்மா சொன்னார். காரணம் சர்க்கரைதானா என்று யாரும் பார்க்கவில்லை, ஆகவே என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆரஞ்சு நிறம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெரிய பிள்ளைக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு புதிதாகத் தெரிந்ததல்ல. 1824-இலேயே பெர்லினில் பென்னவிட்ஸ் என்ற மருத்துவர் இப்படி ஒரு தாயைப் பற்றி எழுதிவைத்தார். பிள்ளை 12 பவுண்டு, பிழைக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் தாயின் சிறுநீரில் சர்க்கரையும் மறைந்துவிட்டது.

ரத்தத்தை வீட்டிலேயே பார்க்கலாம் என்ற எண்ணம் வர மேலும் நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. 1970 வாக்கில் அமெரிக்காவில் ஏம்ஸ் கம்பெனி ஒரு மீட்டர் விற்றது. எடை மூன்று பவுண்டு. பட்டையில் ரத்தம் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்துக் கருவிக்குள் வைக்க வேண்டும். டாக்டர்களுக்குத்தான் விற்பார்கள். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற இன்ஜினீயர், தானே சர்க்கரைக்காரர், மருத்துவரான மனைவியின் பெயரில் ஒன்று வாங்கி வீட்டில் சோதிக்கத் தொடங்கினார். நோயாளி கையில் ஊசியைக் கொடுப்பதா என்று பெரியவர்கள் பலர் முகம் சுளித்த காலம். 1978-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக் குழுவும் நாட்டிங்ஹாம் குழுவும், சாதாரண ஜனங்கள் இதைச் சரியாகவே செய்கிறார்கள் என்று லான்செட் இதழில் எழுதின. 1980-இல் நியூயார்க்கில் லோயிஸ் ஜோவனோவிச், தானும் சர்க்கரை உள்ளவர், கர்ப்பிணிகளே வீட்டில் பார்த்துக்கொண்டு ரத்தச் சர்க்கரையைச் சாதாரண அளவில் வைத்திருக்க முடியும் என்று காட்டினார். அதற்கு முன் மேல்நாடுகளில் இப்படிப்பட்ட தாய்மாரைப் பிரசவம் வரை வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருப்பார்கள்.

நம் பக்கம் வழி காட்டியவர் டாக்டர் வி. சேஷய்யா. 1978-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கென்று தனித் துறையைத் தொடங்கியவர். 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் சொன்ன முறை எளிமையானது. சாப்பிட்டு வந்தாலும் சாப்பிடாமல் வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடு. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார். 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. பஸ் ஏறி வரும் பெண்ணிடம் "நாளைக்கு வெறும் வயிற்றோடு வா" என்றால் அவள் திரும்ப வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஊர்ப்பக்கம் வேலை பார்த்தவனுக்கு இதன் அருமை புரியும். 2007-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை செய்ய உத்தரவிட்டது.

2010-இல் என் மருமகள் கடையநல்லூரில் அந்தக் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு 162 என்று சீட்டோடு வந்தாள். மகன் அப்போது துபாயில். இந்த ஊரில் வளைகுடாப் பெட்டி என்றால் கோடாலித் தைலமும் சென்ட்டும்தான் வரும். அந்த முறை பக்கத்து வீட்டுப் பையன் வழியாக ஒரு மீட்டரும் பட்டைகளும் வந்தன.

நாற்பது வருடம் அடுத்தவர் கையில் குத்திய நான் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். விரல் நுனியின் நடுவில் குத்தாதே, பக்கவாட்டில் குத்து, அங்கே வலி குறைவு. அழுத்திப் பிழியாதே, கையைத் தொங்கப் போட்டால் ரத்தம் தானே வரும். முதல் நாள் காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 187 காட்டியது. அவள் முகம் வெளிறிவிட்டது.

"மாமா, ஊசி போடச் சொல்லிருவாங்களோ?"

அத்தைக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறாள். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலில் பார்த்தால் 112. விரலில் ஒட்டிய பழச்சாறு பட்டையில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவள் கை கழுவாமல் மீட்டரைத் தொட்டதில்லை.

பழைய கண்ணாடிக் குழாய் சொல்லாத ஒன்றை அந்த மீட்டர் இரண்டே வாரத்தில் சொன்னது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் சரியாக இருந்தது, காலை இட்லிக்குப் பின்தான் 120-ஐத் தாண்டி ஏறியது. டாக்டரம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, "நாலு இட்லியை ரெண்டு ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு மணி நேரம் விட்டுச் சாப்பிடு" என்றார். காலை உணவை இப்படிப் பிரிப்பது சேஷய்யா வலியுறுத்திய முறைதான். நோட்டில் எண்கள் இறங்கின. ஊசி வரைக்கும் போகவில்லை.

பேத்தி 3 கிலோ 100 கிராம். பிறந்து ஆறு வாரம் கழித்துத் தாய்க்கு மறுபடி 75 கிராம் கொடுத்துப் பார்க்க வேண்டும், இப்படி வந்து போன சர்க்கரை பின்னாளில் திரும்பி வரக்கூடும். பச்சை உடம்புக்காரி, பிள்ளையை விட்டு எங்கே போவது என்று வீட்டில் எல்லோரும் தடுத்தார்கள். நான் விடவில்லை, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். டம்ளரைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்தபடி, "இன்னொரு பிள்ளை பெத்தா இதையும் திருப்பிக் குடிக்கணுமா மாமா?" என்றாள்.

குடிக்கத்தான் வேண்டும் என்றேன்.